வளையமா, கப்பியா? கிளை இறக்கும் வேலையில் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள்

சித்திரை, வைகாசியில் ஒரு சூறைக்காற்று அடித்துவிட்டுப் போனால் மறுநாள் காலை ஆறு மணிக்கே போன் வர ஆரம்பித்துவிடும். ஓட்டு வீட்டின் மேல் புளியங்கிளை, மாட்டுக்கொட்டகை மேல் வேம்பு, காம்பவுண்டு சுவர் மேல் தூங்குமூஞ்சி மரம். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் எங்களுக்கு இதுதான் பிழைப்பு. மரத்தைச் சாய்க்க இடம் இருந்தால் வேலை சுலபம். இடம் இல்லாதபோதுதான் துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டியிருக்கிறது. அப்போது அந்தக் கயிறு உச்சியில் எதன் வழியாக ஓடுகிறது என்பதில் பாதி வேலை அடங்கிவிடுகிறது. இதே தொழிலில் இருக்கும் தம்பிகளும், வீட்டோரம் மரம் வைத்திருப்பவர்களும் கேட்பதை, அவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன்.

அண்ணா, வளையம் வளையம்னு சொல்றீங்களே, அது என்னங்ணா?

உளுந்து வடையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓட்டை, விளிம்பு முழுக்க உருண்டை, எங்கேயும் முனை கிடையாது. கெட்டியான அலுமினியக் கலவையில் அப்படிக் கடைந்து, மேற்பரப்பைக் கடினமாக்கிய வளையம் அது. ஒரு ஸ்லிங் கயிற்றின் முனையில் அதைப் பின்னிக் கோத்திருப்பார்கள். ஸ்லிங்கை மரத்தில் சுற்றி இறுக்கினால் வளையம் தொங்கும். இறக்குகயிறு அந்த ஓட்டை வழியாக உரசிக்கொண்டு ஓடும். சுழலும் பாகம் எதுவும் இல்லை.

கப்பி என்று இங்கே நான் சொல்வது கிணற்றுக் கப்பியை அல்ல. மர வேலைக்கென்றே வரும் பிளாக். இரண்டு பக்கமும் கனத்த தகடு, நடுவில் சுழலும் சக்கரம், ஸ்லிங் உட்கார மேலே தனியாக ஓர் உருளை. கயிறு உரசாது, சக்கரத்தோடு சேர்ந்து ஓடும்.

ஒரே வார்த்தையில சொல்லுங்க, எதை வாங்கறது?

இறக்குவதற்கு வளையம், ஏற்றுவதற்குக் கப்பி. இரண்டாவது வார்த்தை கேட்டால், மேலிருந்து விழும் பெரிய துண்டுக்கு மறுபடியும் கப்பி. ஏன் என்பது கீழே வருகிறது.

100 கிலோ கிளைன்னா மரத்துக்கு 100 கிலோதானே பாரம்?

எல்லோரும் தவறுவது இங்கேதான். கயிற்றின் ஒரு பக்கம் கிளை 100 கிலோ தொங்குகிறது. அது விழாமல் இருக்க மறுபக்கம் கீழே ஒருவர் இழுத்துப் பிடித்திருக்கிறார். உச்சியில் இருக்கும் கட்டு இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தாங்குகிறது. உராய்வே இல்லாத கப்பி என்றால் 100ம் 100ம் 200 கிலோ. நல்ல பேரிங் உள்ள பிளாக்கில் கொஞ்சம் குறைந்து 195க்குப் பக்கத்தில் இருக்கும்.

வளையத்தில் கதை வேறு. கயிறு அரைச் சுற்று உரசிப் போவதால் பாரத்தின் ஒரு பகுதியை வளையமே பிடித்துக்கொள்கிறது. கீழே இருப்பவர் சுமார் 60 கிலோ பிடித்தால் போதும். அப்போது மரத்தின் மேல் 160. காய்ந்த கயிறா, நனைந்த கயிறா, புதுசா பழசா என்பதைப் பொறுத்து இது முன்பின் மாறும். ஆனாலும் பாரம் குறைகிறது என்பதில் மாற்றம் இல்லை.

முருங்கை, இலவம், தூங்குமூஞ்சி மாதிரி சடக்கென்று ஒடியும் மரத்தில் இந்த 35 கிலோ வித்தியாசம் பெரிய விஷயம். பழைய புளியமரத்தில் இன்னும் பெரிய விஷயம். வெளியே வைரம் பாய்ந்த மாதிரி நிற்கும், உள்ளே பொந்து. ஏறுவதற்கு முன் கோடாலியின் பின்பக்கத்தால் தட்டிப் பாருங்கள். கெட்டியான மரம் கையில் அதிரும். பொந்து மரம் குடத்தைத் தட்டின மாதிரி சத்தம் கொடுக்கும்.

கயிறு நேராகக் கீழே இறங்காமல் அகலமாக விரிந்து போனாலும் பாரம் குறையும். உராய்வில்லாத கப்பியில் இரண்டு பக்கக் கயிற்றுக்கும் நடுவில் 90 டிகிரி இருந்தால் 141 கிலோ, 120 டிகிரி இருந்தால் 100 கிலோதான். ஆனால் அந்த விசை கிளையைப் பக்கவாட்டில் இழுக்கும். நிமிர்ந்து நிற்கும் தண்டுக்கு அது ஆகாது, அதையும் யோசித்துத்தான் கீழே நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அப்போ வளையம் போட்டா கீழ பிரேக் வேண்டாமா?

வளையம் பிரேக் இல்லை. 100 கிலோவில் 60 கிலோ இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. ஒரு சிமென்ட் மூட்டையைவிடக் கனமான பாரம் கையிலிருந்து நழுவுகிறது என்று நினைத்துப் பாருங்கள். தூரில் ஒன்றோ இரண்டோ சுற்றுச் சுற்றித்தான் பிடிக்க வேண்டும். வளையம் வாங்கிய முதல் மாதம் எங்கள் பையன் ஒருவன் "லேசா இருக்குதுங்ணா" என்று சுற்று போடாமல் கையில் பிடித்தான். கையுறையின் உள்ளங்கை கருகியது, தோலும் போனது. பாரம் குறைந்ததாகக் கை சொல்லும், கிளை அதே கிளைதான்.

கவை மேலயே கயித்தைப் போட்டு இறக்கறோமே, தாத்தா காலத்துல இருந்து?

இறக்கினார்கள், சரிதான். பட்டையில் உராய்வு வளையத்தைவிட அதிகம். 100 கிலோவுக்குக் கீழே 30 பிடித்தாலே நிற்கும் கவைகள் உண்டு. சிக்கல் என்னவென்றால் எவ்வளவு உரசும் என்று முன்கூட்டித் தெரியாது. காலையில் பனியில் நனைந்த பட்டை ஒரு மாதிரி, பதினோரு மணி வெயிலில் ஒரு மாதிரி. இரண்டு கிளை இறக்குவதற்குள் பட்டை உரிந்து பச்சை வழுவழுவென்று தெரியும், அப்போது வேறு மாதிரி. சின்னக் கிளையைக் கட்டினால் இறங்கவே இறங்காது. மறுபக்கம் தொங்கும் கயிற்றின் எடையே அதைப் பிடித்துவைத்துவிடும்.

வெட்டிச் சாய்க்கப்போகிற மரம் என்றால் பட்டை போனால் போகட்டும். நிற்கப்போகிற மரம் என்றால் அந்தக் காயத்தில்தான் அழுகல் உள்ளே நுழையும். மாந்தோப்பில் அறுவடை முடிந்து கவாத்துக்குப் போகும்போது நான் கவையில் கயிறு போட விடுவதில்லை. தோப்புக்காரர் அடுத்த வருசமும் கூப்பிட வேண்டுமே.

வளையத்துலதான் பாரம் கம்மின்னு சொன்னீங்க. அப்புறம் எதுக்குக் கப்பி?

மேலே சொன்ன கணக்கு, கயிறு மெதுவாக ஓடும்போது உள்ள கணக்கு. துண்டு விழுந்து கயிறு திடுக்கென்று இறுகும்போது கணக்கு மாறிவிடுகிறது.

கட்டும் இடம் வெட்டும் இடத்துக்கு மேலே இருந்தால் கிளை விழாது, ஊசலாடித் தொங்கும். ஆனால் கிளையெல்லாம் கழித்துவிட்ட மொட்டைத் தண்டை மேலிருந்து துண்டு போட்டு வரும்போது, கட்டும் இடம் வெட்டுக்குக் கீழேதான் இருக்க முடியும். துண்டு முதலில் விழும், பிறகுதான் கயிறு பிடிக்கும். 80 கிலோ துண்டு 1 மீட்டர் விழுந்து, பிறகு அரை மீட்டருக்குள் நிற்கிறது என்று வையுங்கள். நிற்கிற அந்த நேரத்தில் கயிற்றில் சராசரி விசை 240 கிலோ. உச்சம் அதற்கும் மேல். கப்பி என்றால் மரத்தின் மேல் அதில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதே துண்டை அரை மீட்டரில் நிறுத்தாமல் 2 மீட்டர் ஓடவிட்டு மெல்லப் பிடித்தால் சராசரி 120 கிலோதான். கீழே கயிறு பிடிப்பவரின் கைப்பக்குவம் எந்தச் சாமானையும்விட விலை உயர்ந்தது என்று நான் சொல்வது இதனால்தான். கூலியைக் குறைப்பதென்றால் அவருக்குக் குறைக்காதீர்கள்.

ஓடவிட இடமே இல்லை, கீழே ஓட்டுக்கூரை, துண்டு உடனே நிற்க வேண்டும் என்றால்? அப்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது கயிறு நீளும் நீட்சி மட்டும்தான். நீளமான ரப்பர் அதிகம் இழுபடும், குட்டை ரப்பர் வெடுக்கென்று நிற்கும். கப்பி போட்டால் உச்சியிலிருந்து தூர் வரை உள்ள முழுக் கயிறும் சேர்ந்து நீண்டு அந்த அடியை வாங்குகிறது. வளையம் போட்டால் உராய்வு நடுவில் நின்று தடுப்பதால், கீழ்ப்பக்கத்துக் கயிறு முழுசாக நீளாது. துண்டின் பக்கம் இருக்கும் கொஞ்சக் கயிறு பெரும்பங்கைத் தாங்க வேண்டியதாகிறது, அடி கடுமையாகிறது. உராய்வு நல்லது என்று உச்சியில் மேலும் மேலும் ஏற்றினால் இந்தக் கெடுதல்தான் ஏறும்.

அதனால் எங்கள் வழக்கம் இது. மேலே கட்டு இருக்கும் கிளைகளுக்கு வளையம். மொட்டைத் தண்டின் பெரிய துண்டுகளுக்குப் பிளாக், உராய்வை எல்லாம் தூரில் வைத்துக்கொள்வோம். கைக்கடக்கமான துண்டாக அறுக்க முடிந்தால் பழைய ஆள் கயிறு பிடிக்கும்போது வளையத்திலேயே ஓட்டிவிடுவோம். இன்னும் நல்ல வழி ஒன்று இருக்கிறது: துண்டைச் சின்னதாக அறுப்பது. சோம்பலில்தான் பாதி விபத்து.

துண்டோட எடையை எப்படிங்க கண்டுபிடிக்கறது?

பச்சை மரத்தைத் தண்ணீர் எடைக்குச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். 20 சென்டிமீட்டர் விட்டம், 1 மீட்டர் நீளத் துண்டு 31 கிலோ. 30 சென்டிமீட்டர் என்றால் 70. 40 என்றால் 125. 60 என்றால் 280க்கு மேல். விட்டம் இரண்டு மடங்கானால் எடை நாலு மடங்கு, இதைக் கண் நம்பாது. புளிக்கு இதன் மேல் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், முருங்கைக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மெஷின் ரம்பத்தின் பட்டையில் 30, 40 என்று பெயின்டில் கோடு போட்டு வைத்திருக்கிறோம். மரத்தோடு வைத்துப் பார்த்தால் விட்டம் தெரிந்துவிடும்.

கட்டட வேலைக்கு வாங்கின கப்பி ஒண்ணு வீட்டுல கிடக்குதுங்க. அதுல இறக்கலாமா?

நானும் ஒருமுறை இறக்கினேன். காரிமங்கலம் பக்கம், ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்த புளியங்கிளை. எங்கள் பிளாக் வேறு ஊரில் மாட்டிக்கொண்டதால், பக்கத்தில் கட்டட வேலை நடந்த இடத்தில் சாந்துச் சட்டி ஏற்றும் கப்பியைக் கேட்டு வாங்கினேன். முதல் இரண்டு கிளை ஒழுங்காக இறங்கியது. மூன்றாவது கிளை ஊசலாடியபோது கப்பி சாய்ந்து, கயிறு சக்கரத்தின் பள்ளத்தை விட்டுத் தாண்டிச் சக்கரத்துக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. நாற்பது நிமிடம் அந்தக் கிளை ஓட்டுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மா திண்ணையை விட்டு நகரவே இல்லை. இறக்கிய பிறகு பார்த்தால் கப்பியின் கொக்கி வாய் விரல் நுழையும் அளவுக்கு விரிந்திருந்தது. தப்பு கப்பியின் மேல் இல்லை, என் மேல்தான். சட்டியை ஏற்ற செய்த சாமான் அது. கொக்கி திறந்த வாய், தகடு மெலிசு, சக்கரத்துக்கும் தகட்டுக்கும் இடைவெளி.

பிளாக் வாங்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் பாரம், ஸ்லிங் பக்கம் மொத்தமாக விழும் பாரம். கயிற்றில் அதில் பாதிதான் தொங்கவிடலாம்.

ஓசூர்ல லேத் பட்டறையில கடைஞ்சு வாங்கிக்கலாமா? லாரி பேரிங் வளையம் கூட இருக்குதே?

பேரிங் வளையம் வேண்டவே வேண்டாம். அது கடினமாக்கிய எஃகு, தேய்மானத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது. வளையாமல் நேரே வெடிக்கும். அதன் விளிம்பும் சதுரம், கயிற்றைக் கத்தி மாதிரி அறுக்கும்.

லேத்தில் கடைவதற்கு ஓசூரில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், வடிவம் அருமையாக வரும். ஆனால் எந்த அலுமினியம்? உருக்கி வார்த்த பழைய அலுமினியத்துக்கும் விமான உதிரிக்குப் போகும் கலவைக்கும் பார்வையில் வித்தியாசம் தெரியாது, பலத்தில் பல மடங்கு வித்தியாசம். இழுத்துச் சோதித்துப் பார்க்கவும் நம்மிடம் வழி இல்லை. மேற்பரப்பைக் கடினமாக்காத அலுமினியம் கயிற்றைக் கறுப்பாக்கிக்கொண்டே தானும் தேயும். ஆள் நடமாட்டம் இல்லாத தோப்பில் சின்னக் கொப்பு இறக்கப் பழகிக்கொள்ளலாம். வீட்டு மேல் வேண்டாம். வளையம் மட்டும் என்றால் நல்ல பிளாக்கைவிட விலை குறைவுதான், வாங்கிவிடுங்கள்.

பெரிய வளையம் போட்டா அதிகம் உரசுமா?

இல்லை. உராய்வு எத்தனை டிகிரி சுற்றிப் போகிறது என்பதைப் பொறுத்தது, வளையத்தின் அளவைப் பொறுத்தது அல்ல. பெரிய வளையத்தில் கயிறு கொஞ்சம் தாராளமாக வளையும், ஆயுள் கூடும், அவ்வளவுதான். கூடுதல் உராய்வு வேண்டுமானால் இன்னொரு இடத்தில் இன்னொரு வளையம் கட்டிக் கயிற்றைத் திருப்பிவிட வேண்டும். அதில் இன்னொரு லாபம், பாரம் இரண்டு இடத்துக்குப் பிரிந்துவிடும்.

எந்தக் கயிறு போடறது? கடையில நீலக் கயிறு சகாயமா கிடைக்குதே.

உராய்ந்தால் சூடு வரும். 100 கிலோ கிளையை 10 மீட்டர் இறக்கும்போது வெளிவரும் சக்தியில் நாற்பது சதவீதம் வளையத்தில் சூடாக மாறினால், 200 கிராம் வளையம் ஒரே இறக்கத்தில் 20 டிகிரிக்கு மேல் சூடேறலாம். கயிறு அதில் பங்கு வாங்கிக்கொள்ளும் என்பதால் கொஞ்சம் குறையும். ஆனால் மே மாத வெயிலில் மூச்சு விடாமல் பத்துக் கிளை இறக்கினால்?

அந்த நீலக் கயிறு, மஞ்சள் கயிறு எல்லாம் பாலிப்ரோப்பிலீன். 165 டிகிரி வாக்கில் உருகும், அதற்கு முன்பே இளகும். பாலியெஸ்டர் 250 டிகிரியைத் தாண்டித்தான் உருகும், நீட்சியும் அளவாக இருக்கும். வளையத்தில் ஓடுவதற்கு அதுதான். நைலான் அதிகம் நீளும், நனைந்தால் பலம் குறையும். டைனீமா வகைக் கயிறு எஃகு மாதிரி பலம், ஆனால் 150 டிகிரிக்குள் உருகிவிடும். அதனால் ஓடும் கயிறாக வேண்டாம். ஸ்லிங்காகப் போட்டால் சூடான வளையம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறக்காதீர்கள். நான்கைந்து கிளைக்கு ஒரு தடவை மேலே இருப்பவர் வளையத்தைத் தொட்டுப் பார்க்கட்டும். விரல் வைக்க முடியவில்லை என்றால் டீ குடிக்கும் நேரம்.

கையில் நீலக் கயிறுதான் இருக்கிறது என்றால் கப்பியில் போடுங்கள், கூடவே தூரில் சுற்றும்போது வேகம் வேண்டாம்.

கூரை மேல ஏற்கெனவே விழுந்து கிடக்கற கிளையைத் தூக்கணும்னா?

கப்பி. ஏற்றும்போது உராய்வு உங்களுக்கு எதிரி. வளையம் வழியாக 100 கிலோவைத் தூக்க 167 கிலோ இழுக்க வேண்டும், மரத்தின் மேல் 267 விழும். இறக்கும்போது எதைக் காப்பாற்றியதோ அதையே இப்போது ஒடிக்கும். நல்ல பிளாக்கில் 105 கிலோ இழுத்தால் போதும்.

மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்ததைப் பார்த்த பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கப்பி கிறீச்சிட்டால் மாடு திணறும், உடனே அச்சுக்கு வண்டி மை போடுவார்கள். அவர்கள் தண்ணீரை ஏற்றினார்கள். நாம் பெரும்பாலும் இறக்குகிறோம், அதனால் நமக்கு அந்தக் கிறீச்சு வேண்டியிருக்கிறது.

தென்னைக்கு?

தென்னையில் கவை இல்லை, கொண்டையை எடுத்துவிட்டால் மொட்டைத் தண்டுதான். மேலே சொன்ன விழும் துண்டுக் கணக்கு முழுசாகப் பொருந்தும். துண்டை அரை மீட்டருக்கு மேல் வைக்காதீர்கள். ஸ்லிங் வழுவழுத் தண்டில் நழுவும், இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள்.

மேல ஏறுறவரு அதே வளையத்துல தொங்கிக்கலாமா?

கூடாது. ஆள் தொங்கும் கயிறு வேறு, கட்டும் இடம் வேறு, சாமான் வேறு. மரம் தொங்கிய சாமானில் ஆள் தொங்கக் கூடாது.

பக்கத்துல கரன்ட் கம்பி போகுதுங்க.

இ.பி. ஆபீஸில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் ஏற வேண்டும். நனைந்த கயிறு, அலுமினிய வளையம், பச்சைக் கிளை மூன்றும் மின்சாரம் கடத்தும். "பார்த்து வெட்டிக்கலாம்" என்று சொல்லும் வீட்டுக்காரரிடம் நான் வேலை எடுப்பதில்லை. சாலையோரப் புளியமரமும் அப்படித்தான், அது அரசாங்கச் சொத்து. கிளை உங்கள் வீட்டு மேல் வந்தாலும் அனுமதி வாங்கிக்கொண்டு கூப்பிடுங்கள்.

வளையம் எவ்வளவு நாள் வருங்க?

நாள் கணக்கில்லை. மணல் ஒட்டிய கயிற்றை ஓட்டினால் ஒரே சீசனில் போகும். கயிற்றைத் தரையில் போடாமல் தார்ப்பாய் மேல் போடுங்கள், இரண்டுக்கும் ஆயுள் கூடும். கீழே கல்லில் விழுந்த வளையத்தை உடனே பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பிசிறுதான் கயிற்றை அறுப்பது. நான் செய்வது, கொஞ்சம் பஞ்சை எடுத்து வளையத்தின் உள்பக்கம் முழுக்க ஒரு சுற்றுத் தேய்ப்பது. ஒரு இழைகூட மாட்டக் கூடாது. மாட்டினால் அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்து, நைஸ் எமரித் தாளால் இழைத்து, மறுபடி பஞ்சைத் தேய்ப்பேன். கயிறு ஓடிய தடம் நகத்தில் பள்ளமாகத் தட்டுப்பட்டால், மேல்பூச்சு போய் வெள்ளை அலுமினியம் பளபளத்தால், இழைத்துக்கொண்டிருக்க மாட்டேன். போன வருசம் அப்படி எடுத்த வளையம் இப்போது எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டியின் முளைக்குச்சியில் கிடக்கிறது.